சும்மாட்டுத் துணியில் கறுப்பு

வடகரப்பதிப் பக்கம் காட்டுவேலை செய்து வளர்ந்தவர்களுக்குச் செந்தட்டி தெரியும், பூனைக்காலி தெரியும். இரண்டும் பட்ட உடனே அரிக்கும். எந்தச் செடி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நானும் மனைவியும் அவளுடைய அக்காவும் இடுக்கிக்கு ஏலத்தோட்ட வேலைக்கு வந்த பிறகுதான், தொட்ட அன்று ஒன்றும் செய்யாத மரமும் உண்டு என்று தெரிந்தது.

நிழல் மரங்களில் கிளை கழித்துக் கவாத்து செய்த அன்று, விறகுக்காகக் கிளைகளைத் தலையில் சுமந்து வந்தாள் மனைவி. மறுநாள் நெற்றியில் அரிப்பு. அதற்கடுத்த நாள் முகம் வீங்கி, கொப்புளம் நீர் கோத்து, இடது கண் மூடிக்கொண்டது. அக்கா பார்த்ததும் அம்மை என்றாள். எங்கள் பக்கம் அம்மை கண்டவர் முகத்தில் தண்ணீர் படக்கூடாது, மருந்தும் கூடாது. அந்த மலையில் வேம்பு கிடையாது. ஊரிலிருந்து பஸ்ஸில் வேப்பிலை வரவழைத்து நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் செருகினாள்.

எனக்குத்தான் அம்மை என்பது பொருந்தவில்லை. காய்ச்சல் இல்லை. விறகு உரசிய நெற்றி, காது, முன்கையில் மட்டும்தான் கொப்புளம். விறகுக்கு அடியில் சும்மாடாகச் சுருட்டி வைத்த துணியையே மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். அதில் தார் தெறித்தது போலக் கறுப்பு. எடுத்துப்போய் மரம் வெட்டுகிற மலையாளத்துக்காரரிடம் காட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை. சேரு மரத்துப் பால் துணியில் பட்டால் இப்படிக் கறுக்கும், உடம்பில் பொங்க ஒரு நாள் ஆகும் என்றார். கண்ணில் இறங்கவிடாதே என்றும் சொன்னார்.

அக்காவிடம் நான் நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்று வாசலிலேயே நின்று, "இது அம்மை இல்லீங்க. மரத்துப் பாலுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்" என்றேன்.

"கடையில உப்புக் கேக்கவே வாய் வராது. இன்னைக்கு ஆத்தாளையே இல்லைங்கிறீங்களா?"

ஆத்தா கோபித்தால் கண்ணைப் பறித்துவிடுவாள் என்று அவளுக்குப் பயம். கண் போய்விடும் என்றுதான் எனக்கும் பயம்.

பாயிலிருந்து மனைவி சொன்னாள்: "அக்கா, மூஞ்சி கழுவோணும். எரியுது."

அக்கா வழியை விட்டு நகர்ந்தாள். சோப்புப் போட்டுக் கழுவி ஜீப்பில் கொண்டுபோனோம். டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். வீக்கம் வடிந்தால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார்.

இமை திறந்த அன்று அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்தாள். "நான் தெரியறனா?"

"நிழலாட்டம் தெரியற."

தெளிந்துவிடும் என்கிறார் டாக்டர். சொட்டு மருந்தை அக்காதான் விடுகிறாள். விட்டதும் ஒவ்வொரு முறையும் அதையே கேட்கிறாள்.