மலைக்கோட்டைக்குள் போனவள்

லண்டனின் பார்க்கிங் என்ற பகுதியில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் என்னோடு ஒரு பெண் இருக்கிறாள். கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவில் பிறந்தவள். என்னைப் போலவே பிரான்சில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். எங்கள் இருவருக்கும் ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு சுலபம். பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே கால்வலி, ஷிப்ட், வாடகை என்று பிரெஞ்சில் கதைப்போம்.

ஒருநாள், பிரான்சில் எங்கே இருந்தாய் என்று கேட்டாள். கிழக்கே, சுவிஸ் எல்லையோரம் ஒரு மலையூரில் என்றேன். அங்கே ஒரு பழைய கோட்டை இருக்கிறதே, போயிருக்கிறாயா என்றாள். ஒருமுறை போனோம் என்றேன். அவள் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவளுடைய தீவில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் இருநூறு வருடங்களுக்கும் முன்னால் எழுந்து போராடினார்கள். அவர்களை நடத்திச் சென்றவரும் அடிமையாகப் பிறந்தவர்தான். பிரெஞ்சுப் படையினர் அவரைப் பேச வரச்சொல்லி அழைத்துப் பிடித்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து, அந்தக் கோட்டையில் அடைத்தார்கள். குளிர் தாங்காமல் அங்கேயே இறந்துபோனார். பாரிசில் இருந்த காலமெல்லாம், இந்த வருடம் எப்படியும் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தாளாம். வேலையும் பிள்ளைகளுமாக, கடைசிவரை போகக் கிடைக்கவில்லை.

நான் அவரைப் பார்க்கப் போனவள் அல்ல. ஊர் பார்க்க வந்திருந்த உறவினர்களோடு காரில் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம், அவ்வளவுதான். அதைச் சொல்லியும் அவள் விடவில்லை. அவருடைய நினைவுநாளுக்குத் தங்கள் ஆட்கள் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள், நீ வந்து அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்து வந்தபோது எனக்குப் பாதங்கள் வீங்கியிருந்தன. மறுபடி சப்பாத்தை மாட்டுவதைக் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட கூட்டங்களுக்கே களைப்பெண்டு வரமாட்டீர். அவையின்ர கூட்டத்துக்கு என்னத்துக்குப் போறீர்?"

"கேட்டுப்போட்டாள். ஏலாதெண்டு சொல்ல மனம் வரேல்லை. போட்டு வாறன்."

மண்டபத்தில் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். மேசையில் அவருடைய படம், அதன் முன்னால் பூக்கள். நான் எழுந்து, தெரிந்ததைச் சொன்னேன். கல் சுவர், ஒரு கணப்படுப்பு, குளிர். ஒரு கிழவர், அறையில் ஜன்னல் இருந்ததா என்று கேட்டார். நினைவில்லை, சுவரில் கை வைத்தபோது ஈரமாக இருந்தது, குளிருக்குப் போட்டிருந்த மேலங்கியைக் கழற்ற மனம் வரவில்லை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு இளம்பெண் ஒருத்தி எழுந்தாள். விடுதலை கிடைத்த பிறகு அதே மனிதர்தான் சனங்களைத் திரும்பவும் தோட்டங்களுக்கு அனுப்பினார், போக மறுத்தவர்களைத் தண்டித்தார், அதையும் இங்கே சொல்ல வேண்டும் என்றாள். யுத்த காலத்தில் நாடு பட்டினி கிடப்பதா என்று ஒருவர் கோபப்பட்டார். இன்னொருவர் அவள் பக்கம் பேசினார். குரல்கள் உயர்ந்தன. யாராவது அவளைத் துரோகி என்று சொல்லி வெளியே அனுப்புவார்கள் என்று நான் காத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. படம் மேசையிலேயே இருந்தது. பூசணி சூப் வந்ததும் கோபப்பட்டவரே அவளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தார்.

நான் என் கிண்ணத்தைத் தொடாமல் மேசையில் வைத்தேன். இலங்கை யுத்தத்தின் கடைசிக் காலத்தில், வன்னியில் டியூஷனுக்குப் போன என் தம்பியை இயக்கத்தார் போராடவென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவனாகப் போகவில்லை. அம்மா தொலைபேசியில் அழுததைப் பிரான்சில் இருந்து கேட்டேன். அவன் திரும்பி வரவேயில்லை. இறந்த போராளிகளை நினைவுகூரும் கார்த்திகை மாதக் கூட்டங்களில் எல்லாரோடும் சேர்ந்து நானும் அவனுக்கு விளக்கேற்றியிருக்கிறேன். எப்படிப் போனான் என்பதை ஒரு மண்டபத்திலும் நான் சொன்னதில்லை. பிறகு விளக்கேற்றப் போவதையே விட்டுவிட்டேன். களைப்பென்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழுப்பொய் இல்லை.

பஸ்சில் வரும்போது, சண்டை உனக்குச் சங்கடமாக இருந்ததா என்று தோழி கேட்டாள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான், எங்களுக்கே அலுத்துவிட்டது, இப்போது சண்டை போடவும் ஆள் குறைகிறது என்றாள். அவளுடைய தலை என் தோளில் சாய்ந்தது, தூங்கிவிட்டாள்.

வீட்டில் கணவர் சோற்றைச் சூடாக்கி வைத்திருந்தார். கூட்டம் எப்படி என்று கேட்டார்.

"தம்பியை எப்படிக் கொண்டு போனவையெண்டு நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் கதைக்கேல்லை, என்ன?" என்றேன்.

அவர் டிவியை நிறுத்தினார்.

"ஓம். கதைக்கேல்லை," என்றார். "முதல்ல சாப்பிடும். பிறகு கதைப்பம்."

சாப்பிட்ட பிறகு கதைத்தோம். அதிக நேரம் முடியவில்லை. பாதியில் எனக்குக் கண் செருகியது. அவர் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, மிச்சத்தை நாளைக்குச் சொல்லும் என்றார்.