தர்மலிங்கம் கடலுக்கு வந்த கதை

செய்தி வந்தபோது நான் தலைமன்னார்க் கரையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் தர்மலிங்கத்தின் மனைவி சிவமலர். "அண்ணை, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சுப்போட்டுக் கதிரையில இருந்தவர். அப்பிடியே..." கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் மணலில் ஓடிக்கொண்டே இருந்தது. தர்மலிங்கம் என்னைவிட ஐந்து வயது இளையவர். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது கோபம்தான்.

அடுத்த நாள் அவருடைய ஊரான உயிலங்குளத்துக்குப் போனேன். செத்தவீட்டுப் பந்தலில் அவருடைய கூட்டாளிகள் கூடியிருந்தார்கள். எல்லோரும் வயல்காரர், உழவு இயந்திரம் நின்றுபோனால் அவரைத் தேடி ஓடியவர்கள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். என் முறை வந்தபோது, தர்மலிங்கம் என்னோடு கடலுக்கு வந்தார் என்று சொன்னேன். பந்தலில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்து வளவுக் கந்தையா என் தோளில் தட்டி, "சும்மா கதை விடாதேங்கோ அண்ணை. கட்டுக்கரைக் குளத்து அணையிலயே அவன் தண்ணிக்குப் பயந்து நடுவால பாத்துத்தான் நடப்பான். அவனாவது கடலுக்கு வாறதாவது" என்றார். அந்த இடத்தில் சண்டை பிடிக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதைப் பார்த்தவன் நான் ஒருவன் மட்டும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரில் சறுக்கி விளையாடுபவர்களைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு ஓடுவதற்கென்று செய்யப்பட்ட படகு அது. தெற்கில் ஒரு விடுதியில் பல காலம் அது ஓடிக் களைத்தபின், நான் வலைத்தொழிலை விட்டுவிட்டு அதை வாங்கி மன்னாருக்குக் கொண்டுவந்தேன். காற்றுக் காலத்தில் இங்கே பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெளிநாட்டுக்காரர் வருவார்கள். கடற்கரை விடுதி ஒன்று அவர்களை ஏற்றி இறக்கவும், காற்று இழுத்துக்கொண்டு போனவர்களை மீட்டு வரவும் ஒரு படகு கேட்டது. அந்த வேலைக்கு என் படகு வலுத் தோதானது. ஓட்டம் குதிரை ஓட்டம். குறை ஒன்றே ஒன்று: சாரதியின் முன்னால் இருந்த ஐந்து மீற்றர்களும் பொய்யர்கள்.

தொட்டியில் கால்வாசி எண்ணெய் கிடக்கும். முள் நிறைந்துவிட்டது என்று காட்டும். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும். கொதிக்கிறது என்று காட்டும். ஒயில் அழுத்த முள்ளும் எஞ்சின் சுற்று முள்ளும் தங்கள் பாட்டுக்கு ஆடும். வேக மீற்றர் அசைவதே இல்லை. நான் செய்ததெல்லாம் விரலால் கண்ணாடியைத் தட்டுவதுதான். தட்டினால் சில வேளை முள் இறங்கும். ஒரு நாள் வெப்ப முள் ஏறியது. வழக்கமான பொய் என்று நினைத்துத் தட்டிவிட்டு ஓடினேன். அன்றைக்கு அது சொன்னது உண்மை. நடுக்கடலில் எஞ்சின் வெந்து நின்றது. இன்னொரு படகு என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த வெட்கத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. எஞ்சினைப் பிரித்துக் கட்டி எடுக்க ஒரு பருவம் முழுவதும் போயிற்று.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் படகைப் பரிசோதிக்க ஓர் அதிகாரி வந்தார். கடலில் ஒரு சுற்றுப் போனதும் திருப்பச் சொல்லிவிட்டார். "மீற்றர் எல்லாம் பொய் சொல்லுது. இதை நம்பி எப்பிடி ஆக்களை ஏத்திறது? ரெண்டு கிழமை தாறன். திருத்திப்போட்டுக் கூப்பிடுங்கோ." அனுமதி கிடைக்காவிட்டால் காற்றுக் காலம் முழுவதும் படகு மணலில் கிடக்கும், விடுதிக்காரர் வேறு படகு பார்த்துவிடுவார். எனக்குத் திரும்பிப் போவதற்கு வலையும் இல்லை. பட்டணத்துத் திருத்துநர் ஒருவர் மீற்றர்களைப் புதிதாக மாற்றச் சொன்னார். மாற்றினேன். புதிய மீற்றர்களும் அதே பொய்யைச் சொல்லின. அப்போதுதான் நறுவிலிக்குளத்தில் தெரிந்த ஒருவர், "உயிலங்குளத்தில தர்மலிங்கம் எண்டு ஒரு ஆள் இருக்கிறார். ட்ரக்டர் மீற்றர் எல்லாம் அவர்தான் பாக்கிறவர். கொண்டுபோய்க் காட்டுங்கோவன்" என்றார்.

வயலுக்கு நடுவே உழவு இயந்திரம் ஒரு படகை இழுத்துக்கொண்டு போவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஊரே வெளியே வந்துவிட்டது. தர்மலிங்கம் தன் கொட்டகையிலிருந்து வந்து, படகை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "என்ன சம்மாட்டியார், இந்த முறை மழை அவ்வளவு கூடவோ?" அன்றிலிருந்து கடைசி நாள்வரை நான் அவருக்குச் சம்மாட்டியார்தான். ஒற்றைப் படகுக்காரனை, பல படகு வைத்திருக்கும் முதலாளியைப்போலச் சம்மாட்டியார் என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அவரிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. பழைய சிக்னல் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்த சோதனை விளக்கு மட்டும்தான். அதன் ஒரு நுனியைப் பற்றறியில் மாட்டி, மறு நுனியால் ஒவ்வொரு மீற்றரின் முதுகையும் தொட்டுப் பார்த்தார். மின்சாரம் ஒழுங்காக வந்தது. எண்ணெய்த் தொட்டியிலிருந்து வரும் வயரைக் கழற்றி இரும்பில் தொட்டார். முள் அந்தம்வரை ஓடியது. "மீற்றரில பிழையில்லை" என்றார். வேக மீற்றரைப் பார்த்ததும் சிரித்தார். "இது கரண்டே இல்லை, தண்ணி தள்ளுற மீற்றர்." படகின் பின்னாலிருந்து வந்த மெல்லிய குழாயில் சைக்கிள் பம்பை வைத்து அடித்தார். மணலும் ஒரு குட்டிச் சிப்பியும் வெளியே வந்து விழுந்தன. பிறகு பீப்பாயில் தண்ணீர் வைத்து எஞ்சினை ஓட்டி, "கடலுக்குப் போகேக்க என்னென்ன போடுவீங்களோ எல்லாத்தையும் போடுங்கோ" என்றார். நான் தண்ணீர் இறைக்கும் பம்பைப் போட்டேன், ஓட்ட விளக்குகளைப் போட்டேன், ஹோர்ணை அடித்தேன். முட்கள் அசையவில்லை. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு படகைத் திருப்பிக் கொண்டுவந்தேன். கடலில் இறக்கி ஓடியதும் வேக மீற்றர் மட்டும் சரியாகக் காட்டியது. மற்ற நான்கும் பழைய ஆட்டம்தான்.

அதிகாரி தந்த இரண்டு வாரத்தில் இரண்டு நாள்தான் மிச்சம். நான் தொலைபேசியில் கத்தினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கரையில சுகமா இருக்கிற நோயாளியைக் கரையில வைச்சுப் பாக்கேலாது. நாளைக்கு வாறன்." பிறகு, "சம்மாட்டியார், எனக்கு நீந்தத் தெரியாது" என்றார்.

மறுநாள் காலையில் தலைமன்னாருக்கு வந்து இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு. கையில், குமட்டினால் மோந்து பார்க்க ஒரு தேசிக்காய். தோளில் ஒரு சுருள் பச்சை வயர், உழவு இயந்திரத்துக்குப் போடுவது. மிதவை அங்கியைக் கொடுத்தேன். போட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டையும் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீரைப் பார்க்காமல் மீற்றர்களை மட்டும் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு பயத்தோடு ஒரு மனிதன் படகில் ஏறி நான் கண்டதில்லை. அந்தப் பயத்தோடும் ஏறினாரே, அதுதான் எனக்குப் பெரிது.

கரை விலகியது. முட்கள் எல்லாம் அதது இடத்தில் நின்றன. ஆழம் வந்ததும் நான் வழக்கம்போலச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். நான்கு முட்களும் துள்ளின.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினார் தர்மலிங்கம். "இப்ப என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"கை எங்க போனது?"

"அது... அந்தோனியார்."

மீற்றர்களுக்கு மேலே ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியில் அந்தோனியார் சுரூபம் இருக்கிறது. அதற்குள் ஒரு பல்பு. ஆழம் வந்ததும் அதை ஏற்றுவோம். கரை தொட்டால்தான் அணைப்போம். கரையில் ஏற்றுகிற பழக்கம் இல்லை. அவருடைய கொட்டகையில் எல்லா மின் ஆளிகளையும் போட்டுக் காட்டிய நான் இதைப் போடவில்லை. இதை ஒரு ஆளியாக நான் நினைத்ததே இல்லை.

தர்மலிங்கம் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தார். பெட்டியைப் பொருத்தியவன் நான். விளக்கிலிருந்து திரும்பிப் போகும் வயரை, மீற்றர்கள் நான்குக்கும் பொதுவான ஏர்த் வயர் இருந்த ஆணியிலேயே சேர்த்து முறுக்கியிருந்தேன். உப்புத் தண்ணீர் அந்த ஆணியைத் தின்றுவிட்டிருந்தது. மீற்றர்கள் மட்டும் என்றால் அது தாங்கும். அந்தோனியாரும் எரிந்தால், பாதிக் கதவு திறந்த கோயிலிலிருந்து திருநாள் சனம் முழுவதும் வெளியே வருகிற மாதிரித்தான், நெரிசலில் முட்கள் துள்ளும். "அண்டைக்கு நானும் பற்றறியில மாட்டித்தான் பாத்தனான். இந்த ஆணியில மாட்டிப் பாத்திருந்தால் அங்கயே பிடிச்சிருப்பன். என்னிலயும் பிழை" என்றார் தர்மலிங்கம். தன் பிழையை அவ்வளவு இலகுவாகச் சொல்லும் திருத்துநரை நான் வேறெங்கும் காணவில்லை.

"இப்ப அவரை அணையுங்கோ" என்றார். நான் தயங்கினேன். "கடலில அணைக்கிறேல்லை, தர்மா. எங்கட வழக்கம்." அவர் கீழே கிடந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. "அப்ப எரியட்டும். அவர் எரிஞ்சால்தான் எனக்கும் பிழை விளங்கும்."

"கரைக்குப் போய்ச் செய்வமே?"

"இவ்வளவு தூரம் வந்திட்டன். இனி ஏன் கரை?"

அலை படகை ஆட்டியது. அவர் இரண்டு முறை வாளிக்குள் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்தார், தேசிக்காயை மோந்தார், மறுபடியும் உள்ளே நுழைந்தார். தான் கொண்டுவந்த வயரை முதலில் பற்றறியில் தனியாகக் கட்டி, படகின் நீளத்துக்கும் இழுத்துக்கொண்டுவந்து, அந்தோனியாரின் வயரோடு முறுக்கிய பிறகே அதைப் பழைய ஆணியிலிருந்து மெல்லக் கழற்றினார். அவர் முறுக்கிய வேளையில் விளக்கு கண் சிமிட்டியது, அணையவில்லை. பிறகு தின்னப்பட்ட ஆணியைக் கழற்றி எறிந்துவிட்டு, பித்தளை ஆணி ஒன்றைப் போட்டு, சுரண்டித் துடைத்த வயர்களை இறுக்கி, மேலே கிறீஸ் பூசினார்.

முட்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நின்றன. எண்ணெய் கால்வாசி. உண்மை. வெப்பம் நடுவுக்குக் கீழே. உண்மை. "ஓடுங்கோ!" என்றார். நான் முழு வேகத்தில் விட்டேன். படகு மூக்கைத் தூக்கியது. வேக முள் ஏறியது, சுற்று முள் ஏறியது, மற்ற மூன்றும் மலைபோல நின்றன. தர்மலிங்கம் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றக் கையையும் எடுத்தார். இரண்டு கையையும் மேலே தூக்கிக் கூவினார்: "பாருங்கோ சம்மாட்டியார்! ஒருத்தனும் அசையேல்லை!" அன்றுதான் அவர் தண்ணீரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். நான் அழுதேன். கடல் தண்ணீர் முகத்தில் அடித்ததால் அவருக்குத் தெரியவில்லை.

பரிசோதனை நாளில் தானும் கரைக்கு வந்து நின்றார். திரும்பப் படகில் ஏறச் சொன்னேன். ஒரு முறை போதும் என்றார். கரை விலகியதும், ஆழம் வருமுன்பே, அதிகாரி படகிலிருந்த எல்லா ஆளிகளையும் போட்டுப் பார்த்தார். கடைசியில் அந்தோனியாரின் ஆளியில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். நான் வாய் திறக்கும் முன்பே போட்டார். விளக்கு எரிந்தது. முட்கள் நின்ற இடத்திலேயே நின்றன. நாங்கள் கரை திரும்பியபோது தர்மலிங்கம் என் முகத்தைப் பார்த்தார். உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்து, படகின் மூக்கைத் தானே பிடித்து இழுத்தார்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இனிச் சொல்கிறேன். "பொய் சொல்லுற மீற்றரைவிட மீற்றர் இல்லாத போட் நல்லம். ஆனால் உண்மை சொல்லேக்க நீங்களும் நம்போணும்" என்று அவர் ஒருநாள் சொன்னார். செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வெளிக்கடலில் இருந்தேன். வெப்ப முள் ஏறியது. என் விரல் பழைய பழக்கத்தில் கண்ணாடியைத் தட்ட எழும்பியது. பாதியில் நின்றது. உடனே எஞ்சினை நிறுத்தினேன். குனிந்து பார்த்தால், எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் வாயை ஒரு பொலித்தீன் பை மூடியிருந்தது. எடுத்தெறிந்துவிட்டு ஸ்ரார்ட் செய்தேன். முள் தன் இடத்துக்கு இறங்கியது. நான்கு பேரையும் பத்திரமாகக் கரை சேர்த்தேன். தட்டாத அந்த விரல்தான் தர்மலிங்கம் எனக்கு விட்டுப்போனது.

கந்தையாவுக்கும் பந்தலில் சிரித்த மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைமன்னாருக்கு வாருங்கள். என் படகில் ஏறி டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள். அந்தோனியாரிடமிருந்து பற்றறிவரை ஒரு பச்சை வயர் ஓடுகிறது. உங்கள் உழவு இயந்திரங்களில் அவர் போட்ட அதே வயர், அவர் முறுக்குகிற அதே இடப்பக்க முறுக்கு. அந்த முறுக்கு உங்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், தர்மலிங்கம் கடலுக்கு வந்தாரா இல்லையா என்று.