கெசையாவின் கைமணி

எங்கள் இங்கிலாந்துக் கிராமத்தில் ராணி என்றால் லண்டனில் இருக்கும் அந்த அம்மாளை மட்டும் நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கென்று ஒருத்தி இருந்தாள், கெசையா பன்ட்டிங். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கோதுமைக் கதிரைப் பொறுக்கும் பெண்களெல்லாம் சேர்ந்து அவளை ராணியாக்கியிருந்தோம். அவள் கைமணி அடிக்காமல் ஒருத்தியும் வயலில் கால் வைக்க மாட்டோம். பண்ணைக்காரர் இன்னும் உள்ளே விடவில்லை என்பதற்கு அடையாளமான கடைசிக் கதிர்க்கட்டு வயலில் நிற்கிற வரைக்கும் அவளும் மணியைத் தொடமாட்டாள்.

அந்த வருஷம் அவள் புருஷன் வண்டியிலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து படுத்துக் கிடந்தான். பொறுக்குகிற கோதுமைதான் குளிர்காலத்துக்கு ரொட்டி. அதுவும் இல்லாவிட்டால் ஏழைகள் விடுதிதான் கதி. அங்கே புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

புதிதாக வந்த பண்ணைக்காரர் ஸ்டெபிங்ஸுக்கு எங்கள் வழக்கம் தெரிந்ததும் ஒரே குஷி. வயல் நடுவில் ஒரு கதிர்க்கட்டை மட்டும் நிறுத்திவிட்டு, சிந்திய கதிரைத் தின்னத் தன் பன்றிகளை அவிழ்த்துவிட்டார். படுபாவி!

"உள்ள போயிரலாம்க்கா! இவனுக்கெல்லாம் என்ன மரியாதை?" என்று நான் குதித்தேன்.

"கட்டு நிக்குதுல்ல? சும்மா இருடி," என்றாள் கெசையா.

ஸ்டெபிங்ஸ் வயலுக்குள் நின்று இளித்தார். "என்ன ராணியம்மா, மணிக்கு நாக்கு அறுந்து போச்சா?"

கெசையா பன்றிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவற்றில் கொழுத்த ஒன்றுக்குத் தரையில் தேடித் தின்ன அலுப்பு போலும். நேராகப் போய் அந்தக் கதிர்க்கட்டை முட்டித் தள்ளியது. மற்றவையும் ஓடிவந்து அதைப் பிய்த்து இழுத்தன.

அடித்தாள் பாருங்கள் மணியை! மாதாகோயில் மணிகூட அப்படி ஒலித்ததில்லை. நாங்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தோம்.

"ஏய்! யாரக் கேட்டு உள்ள வர்றீங்க?" என்று ஸ்டெபிங்ஸ் கத்தினார்.

"உங்க பன்னிங்களக் கேட்டுத்தான் ஐயா," என்றாள் கெசையா. "கட்டு நின்ன வரைக்கும் நாங்க வரல. இப்ப கட்டு எங்க? காட்டுங்க, திரும்பிப் போயிடறோம்."

அவருடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள். பன்றிகளை ஓட்டிப் போனதும் அவர்கள்தான். நாங்கள் கெசையாவின் சாக்கை நிரப்பிவிட்டுத்தான் எங்கள் சாக்கைத் தொட்டோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் ரொட்டி வெந்தது. ஒரு பிள்ளைகூட வீட்டை விட்டுப் போகவில்லை.

அடுத்த அறுவடைக்கு அவள் புருஷன் கோலூன்றி வந்து வேலியோரம் நின்றான். ஸ்டெபிங்ஸ் கடைசிக் கட்டைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"அடிங்க, ராணியம்மா," என்றார். இந்தத் தடவை இளிக்கவில்லை.