பால் போத்தலும் பயமுறுத்துன ஆய்வும்

இன்னைக்கு ஹட்டன்ல இருந்து மஸ்கெலியா பஸ். பக்கத்து சீட்ல ஒரு அக்கா, மடியில அழுற கைக்குழந்தை. பால் போத்தல் பையிலயே இருக்கு.

"பிள்ளைக்குப் பசி போலங்க"ன்னேன்.

"குடுக்கவே பயமா இருக்குங்க. போத்தல்ல இருந்து பிளாஸ்டிக் தூள் உதிர்ந்து வெஷமாகுதாம்"னு போன்ல வந்த செய்தியைக் காட்டுனாங்க.

கம்பஸ்ல நான் படிக்கிறதே இந்த பிளாஸ்டிக் தூளைப் பத்திதான். செய்திக்கு அடியில இருந்த ஆய்வைத் திறந்து வாசிச்சேன். ஆய்வுகூடத்துல வளர்த்த செல்கள் மேல, ஒரு பிள்ளை விழுங்குறதைவிட எவ்வளவோ கூடுதலா தூளைக் கொட்டியிருக்காங்க. தூள் போடாத செல்களோட ஒப்பிட்டும் பார்க்கல.

"அப்ப ஒண்ணும் ஆகாதாங்க?"

"அதுவும் இன்னும் உறுதியாத் தெரியாதுங்க. அதுக்காக இந்த ஆய்வை நம்பி பிள்ளையைப் பட்டினி போடாதீங்க. சூட்டுலதான் தூள் கூடுதலா உதிரும். இனிமே பாலை எவர்சில்வர் பாத்திரத்துல கலக்கி, ஆறவிட்டு போத்தல்ல ஊத்துங்க."

கொஞ்சம் யோசிச்சாங்க. அப்புறம் போத்தலை எடுத்தாங்க. பிள்ளை மடமடன்னு குடிச்சுது. அக்கா முகத்துல அப்பதான் சிரிப்பு வந்துச்சு.

முன் சீட்டு அண்ணன் திரும்பி, "தங்கச்சி, டீ பேக்கைப் பத்தியும் இப்படி ஒரு செய்தி வந்திருக்கு, பார்த்துச் சொல்லுங்களேன்"னாரு.

இறங்குறப்போ பாதி பஸ்கிட்ட என் நம்பர் இருந்துச்சு. இப்படிச் செய்தி வந்தா நீங்களும் எனக்கு அனுப்பலாம், ஆய்வோட லிங்கையும் சேர்த்து அனுப்புனா மட்டும்!