லில்லி வைக்கும் பொட்டு

மோட்டாரை முதலில் மோந்து பார்க்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காற்றோட்டத்துக்காக விட்டிருக்கும் ஓட்டையருகே மூக்கைக் கொண்டுபோய் ஒரே இழுப்பு. "கருகல. யாரோ தண்ணி ஊத்தி இருக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, மிக்சியைக் கொண்டுவந்தவரை நிமிர்ந்து பார்க்கிறார். அவர் தரையைப் பார்க்கிறார். செவிலிமேட்டில் லில்லியின் கடைக்கு மிக்சி கொண்டுபோகிறவர்கள், வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும்.

வயது நாற்பத்தாறு. ஐயம்பேட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜான்சனின் மனைவி. தறிக்காரர்கள் நூலைத் தாராகச் சுற்றும் இயந்திரத்தின் குட்டி மோட்டார், கிரைண்டர், டேபிள் ஃபேன் என்று சுற்ற வேண்டியது எது சுற்றாமல் போனாலும் இந்தப் பத்துக்குப் பத்து கடைக்குத்தான் வந்து சேரும். கருவிகளைப் பட்டுப்புடவை அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்திருக்கிறார். மூடியில் தங்க எழுத்தில் புடவைக் கடையின் பெயர், உள்ளே சோல்டரிங் கம்பியும் மல்டிமீட்டரும். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றியதும் முனைகளை இழுத்துக் கட்டுவதற்குத் தறியில் மிச்சம் விழுந்த பட்டு நூல்தான். ஊரில் எந்த மிக்சியைப் பிரித்தாலும், உள்ளே அரக்கு நிறத்திலோ மாம்பழ மஞ்சளிலோ கட்டு இருந்தால் அது லில்லியின் கைவேலை.

வேலை முடிந்த மோட்டாருக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இடுவார். தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. கால் என்பது மோட்டாரை போல்ட் போட்டு முடுக்கும் அடிப்பட்டை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் ஆயிற்றே என்று, என் மிக்சியைத் திரும்ப வாங்கப் போனபோது கேட்டேன்.

"பொட்டு இல்லாம குடுத்தா ரிப்பேர் பண்ணியா இல்லியான்னு கேக்குறாங்க சார். இருவது வருசமா வச்சிக்கினுதான் இருக்கேன். கர்த்தரு ஒன்னும் கோச்சுக்கல."

இப்படிப்பட்டவர் கையில் ஒரு விமானம் வந்து மாட்டிக்கொண்டது.

தென்னேரியில் வேர்க்கடலையும் நெல்லும் விளைவிக்கும் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர் பார்சுவநாதன். அறுபத்தொரு வயது. ஆறு வருஷமாகத் தன் பழைய நெல் குடோனில் அலுமினியக் குழாயும் துணியும் வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். பறப்பதற்கான அனுமதி வேலை தனியே நடக்கிறது. இப்போதைக்கு ஏரிக்கரைப் பக்கத்துக் களத்தில் தரையில் ஓட்டிப் பார்ப்பதோடு சரி. என்ஜினுக்கு வேறு ஆள். குட்டி மோட்டார்களுக்கு லில்லி.

அவற்றில் முக்கியமானது பிளாப் மோட்டார். இறக்கையின் பின் ஓரத்தில் இருக்கும் பலகைகளைக் கீழே மடக்கி, விமானம் மெதுவாக இறங்க உதவுவது அது. பழைய கார் ஒன்றின் வைப்பர் மோட்டாரைப் பிரித்து, லில்லி தன் கையாலேயே புதிதாகக் காயில் சுற்றிக் கொடுத்திருந்தார். பிளாப் என்ற பெயர் அவருக்கு ஒட்டவில்லை. இறக்கை புடவை என்றால் அதன் கடைசிப் பகுதி முந்தி. "முந்தி எறங்குது, முந்தி ஏறுது" என்றுதான் சொல்வார். மூன்று மாதத்தில் பார்சுவநாதனும் முந்தி என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்த முந்திதான் மானத்தை வாங்கியது. பாதி இறங்கும், முனகும், நின்றுவிடும். கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் ஓட்டினால் சொன்னபடி கேட்கும் பிள்ளை மாதிரி சுற்றும். சரி என்று பொட்டு வைத்துத் திருப்பி அனுப்புவார். மாட்டினால் நாலு நாளில் மறுபடி முனகல். இப்படி மூன்று தடவை.

சனிக்கிழமைதோறும் தாம்பரத்திலிருந்து வந்து விமானத்தின் ஒவ்வொரு மூட்டையும் சோதிக்கிற தனசேகரன், விமானப் பராமரிப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கோபப்படவில்லை. "நெனச்சா ஓடுற மோட்டார நம்பி ஒருத்தர் எறங்க முடியாதும்மா. அடுத்த சனிக்கிழமையும் இப்படியே இருந்தா கழட்டிட்டு வெளிநாட்டு மோட்டார் ஒன்னு போட்டுடலாம்" என்றார். நியாயமான பேச்சு.

லில்லி பிறகு என்னிடம்தான் சொன்னார். "என் கையால சுத்துன காயில் ஒன்னாவது மேல போவணும் சார். மத்ததெல்லாம் சட்னிதான அரைச்சிக்கினு இருக்குது."

அந்தச் சனிக்கிழமை ஜான்சனின் ஆட்டோவில் நானும் தொற்றிக்கொண்டேன். லில்லி புடவைப் பெட்டியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் பார்சுவநாதன் குடும்பத்து வயல் ஒன்றைக் காட்டினார். அவருடைய அப்பா முனுசாமி அந்த வயலில்தான் கூலி வேலை செய்தார். பார்சுவநாதனின் அப்பாவை, எஜமான் என்ற அர்த்தத்தில், 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார், அதுவும் வரப்புக்குக் கீழே நின்று. நீங்கள் மகனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்றேன்.

"சார்தான். மிக்சி எடுத்துக்கினு வந்தாலும் சார், ஏரோப்ளேன் எடுத்துக்கினு வந்தாலும் சார்."

குடோனில் பார்சுவநாதன் குந்தியிருந்து, விமானச் சக்கரத்தில் ஏறிய எறும்புகளைக் காகிதத்தில் ஏந்தி ஓரமாக விட்டுக்கொண்டிருந்தார். ஓர் எறும்பு மிச்சம் இருந்தாலும் வண்டியை நகர்த்த மாட்டார்.

"எறும்புங்க எறங்கட்டும், அப்பால நாம ஏறலாம்" என்றார் லில்லி. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

முதலில் மூக்கு. கருகல் இல்லை. சுவிட்சைப் போட்டார்கள், முந்தி பாதி இறங்கி, முனகி, நின்றது. தனசேகரன் கையைக் கட்டிக்கொண்டார். லில்லி மீட்டரின் ஒரு முனையை மோட்டாருக்கு வரும் ஒயரிலும் இன்னொன்றை பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். பன்னிரண்டு வோல்ட் சுத்தமாக வந்தது. அடுத்து, ஒயரில் வைத்த முனையை எடுத்து மோட்டாரின் உடம்பில் வைத்தார். ஒன்றும் காட்டக் கூடாத இடம். ஐந்து காட்டியது.

"வர்றது ஒழுங்காதான் வருது சார். திரும்பிப் போவ வழியில்ல" என்றார். மிக்சிக்கு வர ஒரு ஒயர், போக ஒரு ஒயர். கார் மோட்டாருக்கு அப்படியில்லை. அதன் உடம்பே திரும்பிப் போகிற வழி. மோட்டாரின் கால் வழியாகச் சட்டத்துக்கு இறங்கி, அங்கிருந்து பேட்டரிக்குப் போக வேண்டும். கடை மேசையில் உடம்பிலேயே கிளிப் மாட்டி ஓட்டியதால் அங்கே கோளாறு தெரியவில்லை.

இரண்டு போல்ட்டையும் கழற்றி மோட்டாரைத் தூக்கித் திருப்பினார். காலின் அடியில், சட்டத்தோடு ஒட்ட வேண்டிய இடத்தில், காய்ந்து ஓடாகிப்போன சந்தனம். அதன் மேல் இன்னொரு படை, அதற்கும் மேல் இன்னும் இரண்டு. நடுவில் குங்குமம் அழியாமல் இருந்தது.

கோளாறு பார்க்க மூன்று தடவை போன மோட்டார், மூன்று தடவையும் புதுப் பொட்டோடு திரும்பியிருக்கிறது. லில்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இறக்கையில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "நான்தான் சார். நான் வச்ச பொட்டுதான். இதுக்குப் போயி காயில சந்தேகப்பட்டேனே." பார்சுவநாதனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனசேகரன் மட்டும் சிரிக்காமல் பராமரிப்பு நோட்டைத் திறந்து, காரணம் என்று போட்ட இடத்தில் 'சந்தனம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்த பிறகு அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உப்புத்தாள் போட்டுக் காலையும் சட்டத்தையும் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை முடுக்கி, போதாததற்கு உடம்பிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஓர் எர்த் ஒயரும் இழுத்தார் லில்லி. அதன் முனையையும் அரக்குப் பட்டு நூலால்தான் கட்டினார். சுவிட்ச். முந்தி இறங்கியது, ஏறியது. இறங்கியது, ஏறியது. தனசேகரன் இருபத்தைந்து வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். லில்லி ஐம்பது வரை எண்ணினார். ஒரு தடவைகூட முனகவில்லை.

"இந்த மோட்டாரே இருக்கட்டும்" என்றார் தனசேகரன். எனக்கே ஒரு துள்ளல் துள்ள வேண்டும்போல் இருந்தது. ஜான்சன் வெளியே போய், காரணமே இல்லாமல் ஆட்டோ ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு வந்தார்.

விமானத்தைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். பார்சுவநாதன் ஏறி உட்கார்ந்து, தலைக்கவசத்தை மாட்டி, வாரை இழுத்துக்கொண்டார். ஏரிப் பக்கமிருந்து காற்று அளவாக வீசியது. திரும்பிப் பார்த்தால் லில்லி இறக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறார். புடவைப் பெட்டியிலிருந்த சந்தனத்தை எப்போது குழைத்தாரோ, மோதிர விரல் நுனியில் அது தயாராக இருந்தது. இருபது வருஷப் பழக்கம். மோட்டார் வரைக்கும் போன விரல் அந்தரத்தில் நின்றது. காலுக்கு வைக்க முடியாது. தலைக்கு வைக்கலாம் என்றால் தனசேகரன் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

லில்லி இறக்கையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். பார்சுவநாதன் அந்த விரலைப் பார்த்தார். வாரைத் தளர்த்தித் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினார். லில்லி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, சரியாக நடுவில் விழும்படி பார்த்து, ஒரு பொட்டு வைத்தார்.