பிரேக் மாஸ்டரின் ஜெப நேரம்

பிரேக் மாஸ்டருக்குப் பக்தி கிடையாது என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை "ஆண்டவரே!" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிடுகிற ஆள் அந்தச் சபையில் வேறு யார் இருக்கிறார்கள்? டிரைவிங் ஸ்கூல் வேலை. கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பேரே அதனால் வந்ததுதான்.

அவர் மனைவி வேறு ரகம். காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்றுவிடுவாள். புருஷனையும் எழுப்பி, ஒரு பிரம்பு நாற்காலி முன்னால் முழங்கால் போட வைப்பாள். சபை, பாஸ்டர், பக்கத்து வீட்டுக்காரர், அவர் வளர்க்கிற கிழட்டு நாய் என்று ஒன்று விடாமல் ஜெபிப்பாள். மாஸ்டரோ, அவள் ஜெபம் சபையைத் தாண்டும் முன்பே நாற்காலியில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட ஆரம்பித்திருப்பார். அவள் ஓங்கி "ஆமென்" சொன்னதும் பதறி எழுந்து தரையை ஒரு மிதி மிதிப்பார். நெற்றியில் பிரம்புப் பின்னல் அச்சு அப்படியே பதிந்திருக்கும். அந்த நெற்றியோடு வேலைக்குப் போய், "இன்னைக்கு ஜெபம் கொஞ்சம் பலமா ஆயிடுச்சு" என்று பீற்றிக்கொள்வார், வெட்கங்கெட்ட மனுஷன்.

அந்தத் திங்கட்கிழமை அவள் எழுப்பிய விதமே வேறாக இருந்தது. மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வரும்.

"என்னங்க, எனக்காக நீங்க ஜெபம் பண்ணி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் தினம் பத்து நிமிஷம் போதும். முழிச்சிருந்து பண்ணுங்க."

"அதுக்கென்னம்மா, பண்ணிட்டாப் போச்சு" என்றார் மாஸ்டர். திங்கள் தூங்கினார். செவ்வாயும் தூங்கினார். அவள் மேல் உயிரையே வைத்திருந்தார், பாவம், அதில் பொய் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் உடம்பு கட்டை மாதிரி விழுந்துவிடுகிறதே, என்ன செய்ய! அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை முதல் வகுப்பு பாஸ்டருக்கு. அறுபது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசை வந்திருந்தது. கார் நேர்ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, மனசு பொறுக்காமல் மாஸ்டர் விஷயத்தைச் சொல்லி, "அவளுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார். சொல்லி வாயை மூடவில்லை. பாஸ்டர் முப்பது வருஷப் பழக்கத்தில் "ஜெபிப்போம்" என்று இரண்டு கண்ணையும் மூடி, இரண்டு கையையும் கூப்பிவிட்டார். எதிரே லாரி.

"ஐயோ, ஆண்டவரே!" மாஸ்டர் ஸ்டியரிங்கை ஒரு கையால் வளைத்துப் பிரேக்கை மிதித்தார். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டிச் சொன்ன வார்த்தைகள் எந்தப் பிரசங்கத்திலும் வராதவை.

"மன்னிச்சிடுங்க தம்பி, கை தானா எழும்பிடுச்சு" என்றார் பாஸ்டர்.

"நல்லா எழும்புச்சு போங்க! நீங்க ரோட்டைப் பாருங்க. ஜெபத்தை நான் பண்ணிக்கிறேன்."

கோபத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வேறு வழியில்லை. வண்டி நகர்ந்ததும், ரோட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். "ஆண்டவரே, எனக்கு அழகாப் பேச வராது. அவளை எடுத்துக்காதீங்க. ஐயா, இண்டிகேட்டர் போடுங்க. உங்களுக்கு அங்கே ஆளா இல்லை? எனக்கு இங்கே அவ ஒருத்திதான். செகண்ட் கியர் ஐயா, செகண்ட்! எனக்குப் பயமா இருக்கு, ஆண்டவரே." பாஸ்டர் "ஆமென்" என்று கண்ணைத் துடைக்கப் போனார். "கை ஸ்டியரிங்ல!" என்று கத்தினார் மாஸ்டர்.

வியாழனும் வெள்ளியும் வீட்டில் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படி ஜெபித்தார். முதல்நாள் அவள் அழுதேவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் சொன்னார், புற்றுநோய்தான். ஆபரேஷன் செய்ய வேண்டும். அதற்கு மேல் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். மாஸ்டருக்கு ஆண்டவர் மேல் கெட்ட கோபம்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. அவள் எழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எனக்கு இன்னைக்கு ஜெபம் வரலைங்க. அவர்கிட்ட பேசவே பிடிக்கலை."

இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததில்லை. மாஸ்டர் கொடுத்த வாக்கு வெள்ளிக்கிழமையோடு தீர்ந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டார். பிறகு, அவள் வழக்கமாக முழங்கால் போடும் இடத்தில் போய் முழங்கால் போட்டார்.

"ஆண்டவரே, இன்னைக்கு அவ லீவு. நான்தான் வந்திருக்கேன்."