நாலு மணிக்குள் சிங்கம்

குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஊர் காட்டப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸில் கண்டக்டர் வேலை என்பது, பாதி நாள் தலை எண்ணுவதும் மீதி நாள் குறைகிற தலையைத் தேடுவதும்தான். இந்தப் பிழைப்பைப் பார்த்த புண்ணியவான்கள் இருந்தால் என்னோடு சேர்ந்து சிரிக்கலாம். அறுபதுகளில், பருத்தி எடுத்து முடிந்ததும் கோவில்பட்டியிலிருந்து திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்கு ஒரு நாள் டிரிப் அடிப்போம். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பக் கிளம்பியாக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு.

வெறுங்கை

ஒருமுறை எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து சுப்பையா அண்ணாச்சியும் அவர் சம்சாரம் சங்கரம்மாள் மயினியும் வந்தார்கள். மயினி பஸ் ஏறும்போதே என்னைக் கேட்டார். "சிங்கம் இருக்குல்லா தம்பி? கல்யாணமாகிப் பதினாறு வருசத்துல இப்பதான் வெளியூரு வாரேன். அது மூஞ்சியப் பாத்துட்டாப் போதும்." கட்டாயம் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி தோளில் ஒரு சின்ன மூட்டை, மாட்டுக்குப் போடும் பருத்திக்கொட்டை. இது எதற்கு என்றேன்.

"ஒரு எடத்துக்குப் பாக்கப் போனா வெறுங்கையோடயா போவாவ? அதுகளும் வாயில்லாச் சீவன்தானய்யா."

சுழி

மிருகங்களுக்கு எதுவும் போடக் கூடாதென்று காவலாளி சொல்லிவிட்டதால் மூட்டை தோளிலேயே இருந்தது. அந்தப் பாரத்தோடு அண்ணாச்சி காட்டெருமை முன்னால் நின்றார். நின்றவர் நகரவில்லை. மாட்டுச்சந்தையில் பார்க்கிற மாதிரி கொம்பைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், நெற்றியில் மயிர்ச்சுழி எங்கே இருக்கிறதென்று குனிந்தும் நிமிர்ந்தும் தேடினார். பஸ்ஸில் வந்த மற்ற விவசாயச் சம்சாரிகளும் கூடிவிட்டார்கள். அந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரே வாக்குவாதம்.

மயினி மூன்று தரம் அவர் துண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். எனக்கே பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, சிங்கம் பார்க்க வேண்டாமா?" என்றேன்.

"சிங்கத்தை ஏர்லயா பூட்டப் போறோம்?"

மூஞ்சி

மூன்றே முக்காலுக்குத் தலை எண்ணினால் ஒன்று குறைகிறது. அண்ணாச்சி மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறார். மயினி மற்றப் பெண்களோடு முன்னாலேயே ஏறியிருப்பார் என்று நினைத்தாராம். அவர் மூட்டையும் தோளுமாகவே எழ, இருவரும் ஓடினோம்.

சிங்கக் கூண்டின் முன் மயினி தனியாக நின்றிருந்தார். சிங்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. "திரும்பட்டும். மூஞ்சியப் பாக்காம வரமாட்டேன்" என்றார். வெளியே டிரைவர் ஹாரனை அமுக்குகிறார். இன்னும் பத்து நிமிஷம் போனால் என் வேலைக்கே ஆபத்து. ஆனால் மயினி கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபின் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணாச்சி மூட்டையைக் கீழே வைத்தார். படுத்த காளையை எழுப்புவதுபோல நாக்கைச் சுழற்றி "ட்ட்ரா, ட்ட்ரா" என்று ஒரு சத்தம் கொடுத்தார். சிங்கம் காதை ஆட்டியது. மெதுவாக எழுந்து, முழு முகத்தையும் இந்தப் பக்கம் திருப்பிக் கொட்டாவி விட்டது. மயினி கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒரு சத்தம் குடுத்ததும் சிங்கமே திரும்புது. நான் காலையிலேருந்து கூப்பிடுதேன், நீங்க திரும்பலியே."

அத்தனை டிரிப் போயும் அந்தச் சிங்கத்தின் முகத்தை நான் பார்த்தது, பஸ் கால்மணி நேரம் தாமதமான அந்த ஒரே நாளில்தான்.